டிக்சி டீன்

வில்லியம் ரால்ஃப் டீன் (ஜனவரி 22, 1907 - மார்ச் 1, 1980) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஆவார். டிக்சி டீன் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இவர் எவர்ட்டன் கழகத்துக்காக 1927-28 பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். ஒரே பருவத்தில் அடிக்கப்பட்ட கோல்களின் எண்ணிக்கையில் இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கால்பந்தில் இதுவே மிகக் கூடுதலானதாகும். இச்சாதனை இதுவரை முறியடிக்கப்படவில்லை.

டீனின் புகழ் எவர்ட்டனோடு இணைந்தது என்றாலும், அவருடைய ஆட்ட வாழ்க்கை மூன்றாம் பிரிவின் அடிமட்டத்தில் தத்தளித்த டிரான்மியர் ரோவர்ஸ் கழகத்தில் தொடங்கியது. 1924-25 பருவத்தில் அக்கழகம் அடித்த கோல்களில் ஏறத்தாழப் பாதியைப் பதினெட்டு வயது நிரம்பிக்கொண்டிருந்த டீனே அடித்தார். பருவம் முடிவதற்கு முன்பே கழகம் அவரை விற்றுவிட்டது.

இளமை

டீன் இங்கிலாந்தில் அப்போது செஷயர் பகுதியில் இருந்த பர்க்கன்ஹெட் நகரில், லேர்ட் தெருவில் பிறந்தார். மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூலும் எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட்டும் அமைந்துள்ளன. கப்பல் கட்டுதலும் துறைமுக வேலையும் அந்நகரத்தின் முதன்மைத் தொழில்களாக இருந்தன. டீனின் தந்தை தொடருந்து ஓட்டுநர். 1914-15 பருவத்தில் எவர்ட்டன் லீக் வாகையர் ஆனது. அப்பருவத்தில் தந்தை தன் எட்டு வயது மகனை எவர்ட்டனின் ஆட்டத்தைக் காண அழைத்துச் சென்றார். அன்று முதல் அக்கழகத்துக்கு ஆடுவதே சிறுவனின் விருப்பமாயிற்று.

போர்க்காலத்தில் சிறுவனான டீன் விடியற்காலையில் வீடுகளுக்குப் பால் கொண்டுசேர்க்கும் வேலை செய்தார். பதினொரு வயதில், பிழை செய்த சிறுவர்களைச் சீர்திருத்துவதற்கான தொழிற்பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அவர் குற்றம் எதுவும் செய்து அங்குச் செல்லவில்லை. அப்பள்ளியில் கால்பந்து ஆடுவதற்கு நல்ல வசதி இருந்தது. உடன் பயின்றோர் தன்னை வேற்றாளாகக் கருதாமல் இருப்பதற்காகத் தானும் திருடிப் பிடிபட்டவன் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டதாக அறியப்படுகிறது.

பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, தந்தை பணியாற்றிய தொடருந்துத் துறையிலேயே இயந்திரப் பொருத்துநர் பயிலுநராகச் சேர்ந்தார். பணிமனையில் எலித்தொல்லை மிகுதி என்பதால் மற்ற பயிலுநர்கள் இரவுப் பணியை விரும்பவில்லை. டீன் அவர்களது இரவுப் பணியையும் தானே ஏற்றுக்கொண்டார். இதனால் பகல் நேரம் கால்பந்துக்குக் கிடைத்தது. தொடருந்துத் துறையின் அணியிலும் உள்ளூர் அணிகளிலும் ஆடிய அவர், 1923 நவம்பரில், தம் பதினாறாம் வயதில், டிரான்மியர் ரோவர்ஸ் கழகத்தில் சேர்ந்தார்.

டிரான்மியர் ரோவர்ஸ்

டிரான்மியர் என்பது பர்க்கன்ஹெட் நகரின் ஒரு பகுதியாகும். அக்கழகம் 1884-இல் பெல்மாண்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டில் தற்போதைய பெயரைப் பெற்றது. 1912 முதல் பிரென்டன் பார்க் அதன் ஆடுகளமாக உள்ளது. 1921-இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக் மூன்றாம் பிரிவு வடக்கு என்ற புதிய பிரிவை உருவாக்கியபோது டிரான்மியர் அதில் இடம்பெற்றது. 1921 ஆகஸ்டு 27 அன்று நடந்த தனது முதல் லீக் ஆட்டத்தில் குரூ அலெக்சாண்டிராவை 4-1 என்ற கணக்கில் வென்றது.

மூன்றாம் பிரிவில் இருந்த கழகங்களின் நிலை எளிதானதன்று. முதலிடம் பெறும் ஒரே ஒரு கழகம் மட்டுமே மேற்பிரிவுக்குச் செல்ல இயலும். கடைசி இரண்டு இடங்களில் நிற்கும் கழகங்கள், லீக்கின் ஆண்டுக் கூட்டத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வேண்டும். வெளியில் இருந்து இடம் கேட்கும் பிற கழகங்களோடு அவை அங்குப் போட்டியிட்டன. வாக்குரிமை பெரும்பாலும் முதல் இரண்டு பிரிவுகளின் கழகங்களிடமே இருந்தது. எனவே ஆடுகளத்தில் தோற்ற கழகம் தன் வாழ்வுக்குப் பெரிய கழகங்களின் தயவை நாட வேண்டியிருந்தது.

டிரான்மியருக்கு மற்றுமொரு இடரும் இருந்தது. ஆற்றின் மறுகரையில் எவர்ட்டன், லிவர்பூல் ஆகிய இரு முதற்பிரிவுக் கழகங்கள் ஆடிவந்தன. படகிலோ ஆற்றுக்கு அடியில் செல்லும் தொடருந்திலோ பர்க்கன்ஹெட் மக்கள் அங்கு எளிதாகச் சென்றுவர முடிந்தது. நுழைவுச்சீட்டு வருவாயை நம்பி நிலைக்க இயலாத இத்தகைய கழகங்களுக்கு இளம் வீரர்களை வளர்த்து விற்பதே முதன்மையான வழியாயிற்று. 1912 முதல் செயலாளராகவும் மேலாளராகவும் இருந்த பெர்ட் குக் இதில் தேர்ந்தவராக இருந்தார்.

1924-25 பருவம்

டீன் 1924 ஜனவரியில் முதன்மை அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். அப்பருவத்தில் மூன்று லீக் ஆட்டங்களில் மட்டுமே பங்கேற்றார். கோல் எதுவும் அடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் நிலைமை முற்றிலும் மாறியது. 1924-25 பருவத்தில் டிரான்மியருக்காக ஆடிய 27 லீக் ஆட்டங்களில் அவர் 27 கோல்கள் அடித்தார். தலையால் பந்தை முட்டி அடிப்பதில் அவருக்கு இருந்த வலிமை, பல ஆண்டுகள் மூத்த தடுப்பாட்டக்காரர்களையும் திணறச் செய்தது.

இளம் வீரரைத் தடுக்க எதிரணியினர் முரட்டு ஆட்டத்தைக் கையாண்டனர். டிரான்மியரின் இரண்டாம் அணிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரர் மோதியதில் டீன் கடுமையாகக் காயமுற்று ஒரு விதையை இழந்தார். அதன் பின்னரும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை.

டீன் கோல்களைக் குவித்தபோதும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அக்கழகத்தின் பருவ முடிவு பின்வருமாறு:

ஆட்டங்கள்: 42
வெற்றி: 14
சமநிலை: 4
தோல்வி: 24
அடித்த கோல்கள்: 59
வாங்கிய கோல்கள்: 78
புள்ளிகள்: 32
இடம்: 22 கழகங்களில் 21

அணி அடித்த 59 கோல்களில் 27 டீனுடையவை. எஞ்சிய வீரர்கள் அனைவரும் சேர்ந்து 42 ஆட்டங்களில் 32 கோல்களே அடித்தனர். டிரான்மியருக்குக் கீழே 21 புள்ளிகளுடன் ரோதர்ஹாம் கவுண்டி மட்டுமே இருந்தது. டார்லிங்டன் முதலிடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. டிரான்மியருக்கு அருகில் இருந்த நியூ பிரைட்டன் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

எவர்ட்டனுக்கு விற்கப்படல்

ஆர்சனல், நியூகாசில் யுனைட்டெட் உள்ளிட்ட பல பெரிய கழகங்கள் டீனைப் பெற முயன்றன. 1925 மார்ச்சில் எவர்ட்டனின் செயலாளர் தாமஸ் மெக்கின்டோஷ் அவரைக் காணப் பர்க்கன்ஹெட்டுக்கு வந்தார். செய்தியை அறிந்த டீன், அவர் தங்கியிருந்த விடுதி வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவை ஓடியே கடந்தார் என்பர். 3,000 பவுண்டு தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதுவரை டிரான்மியர் ஒரு வீரருக்காகப் பெற்ற தொகைகளில் இதுவே மிகப் பெரியது.

தாம் விற்கப்பட்டால் தொகையில் பத்தில் ஒரு பங்கு தம் பெற்றோருக்குச் சேரும் என்று பெர்ட் குக் உறுதியளித்திருந்ததாக டீன் பிற்காலத்தில் தெரிவித்தார். அதன்படி 300 பவுண்டு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 30 பவுண்டே கிடைத்தது. லீக் தலைவர் ஜான் மெக்கென்னாவிடம் முறையிட்டும் பயனில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்ட பிறகு எதுவும் செய்ய இயலாது என்ற விடையே வந்தது. அத்தொகையை அவருடைய தாய் பர்க்கன்ஹெட் பொது மருத்துவமனைக்கு நன்கொடையாக அளித்துவிட்டார்.

அக்காலத்தில் வீரரின் பதிவுரிமை கழகத்திடமே இருந்தது. 1922 முதல் வீரரின் வாரச் சம்பளம் பருவகாலத்தில் 8 பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஆகவே எத்தனை கோல் அடித்தாலும், எவ்வளவு விலைக்கு விற்கப்பட்டாலும் அதன் பலன் வீரரைச் சென்றடைவது அரிதாகவே இருந்தது.

தன் சிறந்த வீரரை இழந்த டிரான்மியர் 21-ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. எனினும் ஆண்டுக் கூட்டத்தில் டிரான்மியரும் ரோதர்ஹாமும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. பெர்ட் குக் அதே வழியைத் தொடர்ந்து பின்பற்றினார். 1928-இல் டாம் வாரிங் 4,700 பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு விற்கப்பட்டார். வாரிங் 1930-31 பருவத்தில் முதற்பிரிவில் 49 கோல்கள் அடித்தார். 1937-38 பருவத்தில் டிரான்மியர் மூன்றாம் பிரிவு வடக்கின் முதலிடத்தைப் பெற்று இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் அடுத்த பருவத்திலேயே 42 ஆட்டங்களில் ஆறில் மட்டும் வென்று கீழே இறங்கியது.

எவர்ட்டனில்

டீன் தம் முதல் முழுப் பருவமான 1925-26-இல் 32 லீக் கோல்கள் அடித்தார். 1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டிருந்தது. தாக்கும் வீரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்ற நிலை மாறி, இருவர் இருந்தால் போதும் என்றானது. இதனால் லீக் முழுவதிலும் கோல்களின் எண்ணிக்கை கூடியது.

1926 ஜூனில் வட வேல்ஸ் பகுதியில் நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் டீனின் மண்டையோடும் தாடையும் முறிந்தன. அவர் மீண்டும் ஆடுவது ஐயமே என மருத்துவர்கள் கருதினர். எனினும் சில மாதங்களிலேயே களத்துக்குத் திரும்பி, அப்பருவத்தில் 27 ஆட்டங்களில் 21 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் எவர்ட்டன் 20-ஆம் இடத்தில் முடித்து, கீழிறங்குவதில் இருந்து மயிரிழையில் தப்பியது.

அடுத்த பருவமே சாதனைப் பருவமானது. ஓராண்டுக்கு முன் மிடில்ஸ்பரோ வீரர் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல்கள் அடித்திருந்தார். 1928 மே 5 அன்று ஆர்சனலுக்கு எதிரான கடைசி ஆட்டம் தொடங்கியபோது டீனிடம் 57 கோல்கள் இருந்தன. முதல் பாதியில் இரண்டு கோல்கள் அடித்தார். அவற்றுள் ஒன்று பெனால்ட்டி உதையில் கிடைத்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அலெக் டிரூப் மூலையில் இருந்து உதைத்த பந்தைத் தலையால் முட்டி அறுபதாவது கோலை அடித்தார். ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது. எவர்ட்டன் லீக் வாகையர் ஆனது.

இரண்டே ஆண்டுகளில், 1929-30 பருவத்தில், எவர்ட்டன் கடைசி இடத்தைப் பெற்று முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1930-31-இல் டீனின் 39 கோல்களுடன் இரண்டாம் பிரிவை வென்றது. 1931-32-இல் அவருடைய 45 கோல்களுடன் முதற்பிரிவையும் வென்றது. 1933-இல் டீனின் தலைமையில் எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. வீரர்கள் எண்ணிட்ட சட்டை அணிந்து ஆடிய முதல் கோப்பை இறுதியாட்டம் இதுவே. டீன் 9-ஆம் எண் சட்டையை அணிந்திருந்தார்.

இங்கிலாந்து தேசிய அணிக்காக 1927 முதல் 1932 வரை 16 ஆட்டங்களில் ஆடி 18 கோல்கள் அடித்தார். இவற்றுள் 12 கோல்கள் முதல் ஐந்து ஆட்டங்களில் அடிக்கப்பட்டவை.

மீண்டும் மூன்றாம் பிரிவு

1936 இறுதியில் இளம் வீரர் டாமி லாட்டன் எவர்ட்டனில் சேர்ந்தார். தம் இடத்தைப் பெறவிருந்த அவருக்கு டீன் பயிற்சியளித்து உதவினார். 1938 மார்ச்சில், அப்போது மூன்றாம் பிரிவு தெற்கில் ஆடிவந்த நாட்ஸ் கவுண்டி கழகத்துக்கு டீன் விற்கப்பட்டார். இம்முறையும் தொகை 3,000 பவுண்டுதான். காயங்களால் தளர்ந்திருந்த அவர் அங்கு ஒன்பது லீக் ஆட்டங்களில் மட்டுமே ஆடி மூன்று கோல்கள் அடித்தார். 1939-இல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் அணிக்காக ஆடினார். அவ்வணி அவ்வாண்டு அயர்லாந்துக் கோப்பை இறுதியாட்டத்தை எட்டித் தோற்றது.

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் டீன் அடித்த கோல்கள்:

டிரான்மியர் ரோவர்ஸ் (1923-1925): 30 ஆட்டங்கள், 27 கோல்கள்
எவர்ட்டன் (1925-1938): 399 ஆட்டங்கள், 349 கோல்கள்
நாட்ஸ் கவுண்டி (1938-1939): 9 ஆட்டங்கள், 3 கோல்கள்

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது டீன் இராணுவத்தில் பணியாற்றினார். போருக்குப் பின் செஸ்டர் நகரில் டப்ளின் பாக்கெட் என்ற மதுவிடுதியை நடத்தினார். பின்னர் லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் என்ற கால்பந்துப் பந்தய நிறுவனத்தில் சாதாரணப் பணியாளராக வேலை பார்த்தார். 1964-இல் அவருக்கு நிதி திரட்டுவதற்காகக் கூடிசன் பார்க்கில் நடந்த ஆட்டத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1976-இல் இரத்தக் கட்டினால் அவருடைய வலது கால் அகற்றப்பட்டது.

1980 மார்ச் 1 அன்று கூடிசன் பார்க்கில் எவர்ட்டனுக்கும் லிவர்பூலுக்கும் இடையே நடந்த ஆட்டத்தைக் காண வந்திருந்தபோது, மாரடைப்பால் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

பெயர்

டிக்சி என்ற பட்டப்பெயர் அவருடைய கருத்த தலைமுடியையும் மாநிறத்தையும் கண்டு வைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அச்சொல் அமெரிக்காவின் தென் மாநிலங்களைக் குறிப்பது. டீன் இப்பெயரை விரும்பவில்லை. பில் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார்.

நினைவு

2001-இல் கூடிசன் பார்க்குக்கு வெளியே டீனின் சிலை திறக்கப்பட்டது. 2002-இல் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ்க்கூடம் தொடங்கப்பட்டபோது முதலில் சேர்க்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். எவர்ட்டன் ஆடவர் அணி 2025 மே வரை கூடிசன் பார்க்கில் ஆடியது. இவருக்குப் பின் எவர்ட்டனுக்காக எவரும் இவரளவு கோல்கள் அடித்ததில்லை.