யாகிப் பேராசிரியர்

வீட்டு முகடுகளின்மேல் மீன்முள்ளைப் போல நீண்டு நின்ற தொலைக்காட்சி ஆண்டெனாவை நம் பெற்றோர் காலத்தார் நன்கறிவர். அதனைச் சமைத்தவர் யாரென வினவின் விடை கூறுவார் அரியர். யாகி என்னும் ஜப்பானியப் பேராசிரியரின் வரலாற்றையும், அவர் புகழ் நிழலில் மறைந்து நின்ற மற்றொருவரின் வரலாற்றையும் ஈண்டு ஒருங்கு கூறப் புகுகின்றோம்.

ஹிதெத்சுகு யாகி 1886-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் ஓசாகா நகரிற் பிறந்தார். 1909-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பார்க்ஹவுசனிடம் பயின்றார். 1914-இல் பெரும்போர் மூளவே, லண்டனில் பிளெமிங்கிடமும் அமெரிக்காவில் பியர்ஸிடமும் கற்றுத் தாயகம் மீண்டார். செண்டாய் நகரத்துத் தோஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்தார்.

அங்கு, 1924 முதல், அவரும் அவர்தம் உதவியாளர் ஷிந்தாரோ உடாவும் செய்த ஆராய்ச்சியே நாம் கூறும் ஆண்டெனாவைப் பயந்தது. அதன் அமைப்பு எளிது. அலைநீளத்திற் பாதியளவான ஒரு கோல் மட்டுமே கம்பியால் கருவியோடு இணைக்கப்படும். அதன் பின்னே சற்று நீண்ட கோலொன்றும், முன்னே சற்றுக் குறுகிய கோல்கள் பலவும், எக்கம்பியும் இன்றி வாளா நிற்கும். பின்னது அலையை முன்னோக்கித் திருப்பும்; முன்னவை அதனை ஒரு திசையிற் குவிக்கும். கம்பி தொடாத கோல்கள் இவ்வளவு செய்தல் வியப்பே.

இவ்வமைப்பை அறிந்தார்க்குத் தொலைவிலுள்ள நிலையத்தைப் பற்றும் ஆண்டெனாவைத் தேர்தல் அரிதன்று. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின் நம் கடற்கரை ஊர்களில் உயர்ந்த கம்பங்கள் எழுந்து இலங்கையை நோக்கி நின்றன. அவற்றை நிறுத்தினோர் மூன்று செய்திகளை நோக்க வேண்டியிருந்தது. முதலாவது அலைநீளம். ஒன்றரை மீட்டர் அலைக்கு முக்கால் மீட்டர் கோல் வேண்டும்; ஐந்து மீட்டர் அலைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும்; ஒன்றற்குரியது மற்றொன்றற்கு உதவாது. அடுத்தது கோல்களின் தொகை. கோல் மிகுந்தால் கூர்மை மிகும். ஆயினும் ஒவ்வொரு புதுக் கோலும் முன்னையதினும் குறைந்த பயனே தரும். கூர்மை மிகுந்த ஆண்டெனா சிறிது திரும்பினும் குறி தப்பும். மூன்றாவது உயரம், நம் கருத்தில் இதுவே தலையாயது. இவ்வலைகள் பெரும்பாலும் நேரே செல்வன ஆதலின் பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். 9 மீட்டர்க் கம்பத்திற்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் எட்டுமாயின், அதனை இரட்டிக்க 36 மீட்டர் வேண்டும். நிலையக் கோபுரத்தின் எட்டுதூரத்தையும் இதனோடு கூட்டிக் கொள்ளலாம்.

இனி அந்த மற்றொருவர்பால் வருவோம். நுண்ணிய அளவீடுகளையெல்லாம் செய்து, 1926 முதல் தொடர் கட்டுரைகளாக ஜப்பானிய மொழியில் வெளியிட்டவர் உடா. ஆயின் 1925-இறுதியில் யாகி விண்ணப்பித்த காப்புரிமையில் உடாவின் பெயர் இல்லை. 1928-இல் யாகி அமெரிக்காவில் உரையாற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் உடாவின் உழைப்பை அவர் மறைத்தாரல்லர். எனினும் ஆங்கிலம் கற்ற உலகம் எழுதியவர் பெயரையே கருவிக்கு இட்டது. யாகியைக் கள்வர் என்பார் கூற்றை நாம் உடன்படோம். ஆயினும் காப்புரிமைத் தாளில் ஒரு பெயர் சேர்த்தல் அவர்க்கு எளிதாயிருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

பிறநாட்டார் போற்றிய இக்கருவியை அவர்தம் நாட்டுப் படையினர் பொருட்படுத்தவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, ஆங்கிலேயரின் ராடார்க் குறிப்புகள் ஜப்பானியர் கைக்கு வந்தன. அவற்றிற் பலவிடத்தும் யாகி என்னும் சொல் வரக் கண்டு, அதன் பொருள் அறியாது அவர் மயங்கினர். இறுதியில், சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவரை வினவ, அஃது ஒரு ஜப்பானியப் பேராசிரியர் பெயரென அவர் கூறினாராம். தம் வீட்டு விளக்கைப் பகைவர் கையிற் கண்டதை ஒத்தது அது. 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வீழ்ந்த குண்டுகளில், தரையின் தூரத்தை அளந்து வெடிக்குங் கணத்தைக் குறித்த ராடாரின் ஆண்டெனாவும் அவ்வகையினதே. இதனை எழுதுங்கால் நம் கை தயங்குகின்றது.

போருக்குப்பின் யாகி ஓசாகாப் பல்கலைக்கழகத் தலைவராய் இருந்தார். 1952-இல் தம் பெயரால் ஆண்டெனாக் கும்பெனி ஒன்றை நிறுவினார். 1953-இல் ஜப்பானிய மேலவை உறுப்பினரானார். அவ்வாண்டே ஜப்பானில் தொலைக்காட்சியும் தொடங்க, அவர் பெயர் கூரைதோறும் ஏறிற்று. 1956-இல் அரசாங்கம் அவர்க்குப் பண்பாட்டு விருது வழங்கியது.

உடாவோ 1955 முதல் 1958 வரை நம் நாட்டில், புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில், நுண்ணலை வல்லுநராகப் பணியாற்றினார். 1976 ஜனவரியில் யாகியும், அவ்வாண்டு ஆகஸ்டில் உடாவும் மறைந்தனர். இன்று நூலோர் அக்கருவியை யாகி-உடா ஆண்டெனா என்றே எழுதுகின்றனர். கடைத்தெருவில் மட்டும் அது இன்னும் யாகிதான்.