ஜான் ஹட்சின்சன்

ஜான் ஹட்சின்சன் (1811–1861) நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் சுவாசமானியை மருத்துவப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்த ஆங்கிலேய மருத்துவர் ஆவார். நீரில் கவிழ்த்த கலத்தினுள் ஒருவரை ஊதச் செய்து, கலம் எழும்பும் உயரத்தைக் கொண்டு வெளிவிடும் காற்றை இவர் கணக்கிட்டார். மாலுமிகள், தீயணைப்போர், குத்துச்சண்டை வீரர்கள் என 2,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வை 1846-இல் வெளியிட்டார். ஆழ இழுத்த மூச்சை முற்றிலும் வெளிவிடும் அளவிற்கு உயிர்ப்புத் திறன் எனப் பெயரிட்டவரும் இவரே. அது உடல் உயரத்தைச் சார்ந்தது என்பதே இவரது முதன்மையான கண்டுபிடிப்பு.

காசநோயை முன்னரே அறியவும் ஆயுள் காப்பீட்டிற்கு வருவோரைச் சோதிக்கவும் இக்கருவி உதவும் என நம்பினார். எனினும் காப்பீட்டு நிறுவனங்களிடையே அது பரவவில்லை. 1852-இல் குடும்பத்தைப் பிரிந்து ஆத்திரேலியா சென்ற ஹட்சின்சன், 1861-இல் பிஜியில் காலமானார்.

இவரது கருவி காற்றின் அளவைக் காட்டியதே அன்றி, அது வெளியேறும் வேகத்தைக் காட்டவில்லை. ஆஸ்துமாவிலோ மூச்சுக்குழல்கள் சுருங்குவதால் வேகமே குறைகிறது. முதல் நொடியில் வெளிவரும் காற்றை அளக்கும் முறையைப் பிரான்சின் டிஃபினோ 1947-இல் முன்வைத்தார். இன்று ஏறத்தாழ 5 வயதைக் கடந்த ஆஸ்துமா குழந்தைகளுக்கு, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு எடுக்கப்படுகிறது. அதனை ஒப்பிடுவதற்கு வயதுடன் உயரமும் கணக்கில் கொள்ளப்படுகிறது; இது ஹட்சின்சன் காட்டிய வழியே. தென்னிந்தியாவில் 103 மருத்துவ மாணவர்களின் உயிர்ப்புத் திறனை அளந்த ஆய்வு 1932-இல் வெளியானது.