பல்துறை அறிஞர் கால்டுவெல்

பொதிகை மலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை நெல் விளையும் பூமியாக்கிக் கிழக்குக் கடலிற் கலப்பது தாமிரபரணி ஆறு. பழந்தமிழர் அதனைப் பொருநை என்று அழைத்தனர். அவ்வாறு பாயும் நாடு தமிழறிஞர் பலரைத் தந்தது. அயல்நாட்டிற் பிறந்து வந்த அறிஞர் ஒருவரையும் அது தன் மக்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. அவரே இராபர்ட்டு கால்டுவெல் என்பவர். சமயத் தொண்டு புரிய வந்த அவர், மொழியையும் மண்ணையும் வரலாற்றையும் ஒருங்கே ஆராய்ந்தார். தனி மனிதர் ஒருவர் இத்தனை துறைகளில் எவ்வாறு புகுந்தார் என்பதையும், அவர் கண்ட முடிவுகளுள் நிலைத்தவை எவை, திருத்தம் பெற்றவை எவை என்பதையும் இங்குக் காண்போம்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்து நாட்டிற் பிறந்தார். அவர் பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். செல்வம் மிகுந்தவர் அல்லர். இளமையில் அவர் கற்ற கல்வியின் பெரும்பகுதி, தாமே நூல்களைத் தேடிப் படித்துப் பெற்றதாகும். பதினாறு வயதளவில் டப்ளின் நகருக்குச் சென்று ஓவியக்கலை பயின்றார். பின்னர் அவர் உள்ளம் சமயத் தொண்டில் ஈடுபட்டது. ஆகவே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பட்டம் பெற்றார். அங்குக் கிரேக்க மொழி கற்பித்த பேராசிரியர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் முறையை அவருக்கு அறிமுகப்படுத்தினார். அன்று மனத்தில் விழுந்த அவ்வித்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தமிழ் மண்ணில் முளைத்துத் தழைத்தது.

1837ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அக்கப்பலில் தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டாற்றிய சார்லசு பிலிப்பு பிரௌன் என்பவரும் பயணம் செய்தார். காலத்தை வீணே கழிக்க விரும்பாத கால்டுவெல், அவரிடம் இந்திய மொழிகளைப் பற்றிப் பல செய்திகளைக் கேட்டறிந்தார். 1838ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையை அடைந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கித் தமிழ் கற்றார். பின்னர் 1841ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் பணிபுரியப் புறப்பட்டார். வண்டியோ பல்லக்கோ அவர் நாடவில்லை, கால்நடையாகவே புறப்பட்டார். தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை எனப் பல ஊர்களைக் கடந்து நடந்தார். மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் அறிவதற்கு நடந்து செல்வதே நல்வழி என்பது அவர் எண்ணம்.

அவர் தங்கிய ஊர் இடையன்குடி. தாமிரபரணியின் நீர்வளம் எட்டாத தென்பகுதியில், செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் அருகே அஃது அமைந்துள்ளது. பனைமரமே அங்கு வாழ்ந்த மக்களின் பிழைப்புக்குத் துணை. அவ்வூரில் அவர் தெருக்களை நேராக அமைத்தார், கிணறு தோண்டினார், மரம் நட்டார், பள்ளி நிறுவினார். 1844ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் வாழ்ந்த எலிசா மால்ட்டு என்னும் அம்மையாரை மணந்தார். தமிழை நன்கறிந்த அவ்வம்மையார் பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தார். பெரிய நூலகமோ, அறிஞர் அவையோ அண்மையில் இல்லாத அச்சிற்றூரில்தான் கால்டுவெல்லின் ஆராய்ச்சி வளர்ந்தது.

அக்காலத்தில் இந்திய மொழிகள் யாவும் வடமொழியினின்று பிறந்தவை என்று பலர் கருதினர். தென்னாட்டு மொழிகள் தனியோர் இனம் என்பதை எல்லிசு என்னும் அறிஞர் 1816ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். எனினும் அக்கருத்து விரிவான சான்றுகளுடன் நிலைநாட்டப் பெறவில்லை. அப்பணியைக் கால்டுவெல் மேற்கொண்டார். ஒரு மொழி பிற மொழிகளினின்று பல சொற்களைக் கடன் வாங்கக்கூடும். ஆயினும் எண்ணுப் பெயர், மூவிடப் பெயர், வேற்றுமை உருபு, வினை விகுதி, உறுப்புகளின் பெயர் ஆகியவற்றை அஃது எளிதிற் கடன் பெறாது. ஆதலின் இவற்றை ஒப்பிட்டால் மொழிகளின் உறவு புலனாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழில் மூன்று என்பது மலையாளத்தில் மூன்னு என்றும், கன்னடத்தில் மூரு என்றும், தெலுங்கில் மூடு என்றும் வழங்குகின்றது. வடமொழியிலோ அது திரி என்றாகும். நாம் கண் என்பதைத் தெலுங்கர் கன்னு என்பர். கன்னடர் கண்ணு என்பர். வடமொழியாளர் அட்சி என்பர். இத்தகைய ஒற்றுமைகளை நூற்றுக்கணக்கில் திரட்டி, ஒலிகள் மாறும் முறையையும் ஆராய்ந்து, 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் நூலைக் கால்டுவெல் வெளியிட்டார். வடமொழி நூல்களில் வழங்கிய திராவிடம் என்னும் சொல்லையே அவர் இம்மொழியினத்துக்குப் பெயராகக் கொண்டார். 1875ஆம் ஆண்டில் அந்நூலைத் திருத்தி மீண்டும் வெளியிட்டபோது, பன்னிரண்டு மொழிகளை அவ்வினத்துள் அடக்கினார். அவற்றுள் ஏட்டில் எழுதப்பெறாத தோடம், கோத்தம், கோண்டு முதலிய மலைவாழ் மக்களின் மொழிகளும் இடம்பெற்றன. எழுத்தில்லாத மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பதை உணர்ந்தவர் அவர்.

திராவிட மொழிகளுக்கு உலகில் வேறு உறவு உண்டோ என்றும் அவர் ஆராய்ந்தார். துருக்கி, பின்லாந்து, மங்கோலியா முதலிய நாடுகளின் மொழிகளைச் சிதிய இனம் என்று அக்காலத்து அறிஞர் சிலர் தொகுத்துக் கூறினர். அவற்றுக்கும் தமிழுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று கால்டுவெல் கருதினார். துருக்கி மொழியில் வீட்டுக்கு எவ் என்று பெயர்; வீடுகள் என்பது எவ்லெர்; வீடுகளில் என்பது எவ்லெர்தே. தமிழிற்போலவே அங்கும் பெயரோடு பன்மை விகுதியும், அதன்மேல் உருபும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. வியப்புக்குரிய ஒற்றுமைதான்! ஆயினும் அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் பிறப்பு ஒன்றாகிவிடாது. இன்றைய மொழியறிஞர் இவ்வுறவை மெய்ப்பிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்வதில்லை. சிதிய இனம் என்ற தொகுப்பும் கைவிடப்பட்டது. திராவிட இனம் என்னும் முடிவோ அசையாமல் நிற்கின்றது; அவ்வினத்தில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் கணக்கிடப்படுகின்றன.

மொழியை ஆராய்ந்த அதே கண்கொண்டு அவர் மண்ணையும் ஆராய்ந்தார். பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கை, முத்துக்குப் பெயர் பெற்றது. கிரேக்கர் அதனைக் கொல்கை என்னும் பெயரால் தம் நூல்களிற் குறித்தனர். ஆனால் அக்கொற்கை இன்று கடற்கரையில் இல்லை; தாமிரபரணியின் வடபால், கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராகக் கிடக்கின்றது. கடல் எங்கே போயிற்று? கால்டுவெல் அங்கு ஆட்களை அமர்த்தி மண்ணைத் தோண்டுவித்தார். மேலிருந்த களிமண்ணின் கீழே, கடற்சிப்பியும் சங்கும் கலந்த மணல் வெளிப்பட்டது. ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டலே கரையைக் கிழக்கே தள்ளியது என்று அவர் விளக்கினார். கொற்கை தூர்ந்தபோது காயல் துறைமுகமாயிற்று. காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்று ஆராய்ந்த அவர், அவ்விடத்தில் சீன நாட்டுக் கலங்களின் உடைந்த சில்லுகளையும் கண்டெடுத்தார். இச்செய்திகளையும், முதுமக்கள் தாழிகளைப் பற்றிய குறிப்புகளையும் 1877ஆம் ஆண்டில் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அவர் பேராயராகவும் உயர்த்தப்பட்டார்.

1881ஆம் ஆண்டில் அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் வெளிவந்தது. பண்டைக் காலம் முதல் 1801ஆம் ஆண்டு வரை அச்சீமையில் நிகழ்ந்தவற்றை அந்நூல் கூறுகின்றது. ஒரு மாவட்டத்தின் வரலாற்றை இத்துணை விரிவாகத் தொகுத்த நூல்கள் அந்நாளில் மிகச் சிலவே. எனினும் பாளையக்காரர் போர்களைப் பற்றிய பகுதிக்கு அவர் பெரிதும் நம்பியவை கம்பெனியாரின் ஆவணங்களாகும். ஆதலின் கட்டபொம்மன் முதலியோரின் பக்கத்து நியாயம் அதில் மிகுதியாக ஒலிக்கவில்லை. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அக்குறையை நிரப்ப வேண்டியதாயிற்று.

இதனினும் பெரிய பிழை ஒன்று அவர் இளமையில் நேர்ந்தது. தம்மைச் சுற்றி வாழ்ந்த பனைத்தொழிலாளரைப் பற்றி 1849ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். அவர்கள் இலங்கையினின்று குடியேறியவர்கள் என்றும், அறிவாற்றலிற் குறைந்தவர்கள் என்றும் அதில் எழுதிவிட்டார். அச்சமூகத்தார் கல்வி பெற்று அந்நூலைப் படித்தபோது, தம் முன்னோர் இழிவுபடுத்தப்பட்டதை அறிந்து மனம் புண்பட்டனர். மறுப்பு நூல்கள் எழுந்தன. அரசினருக்கு விண்ணப்பங்கள் சென்றன. அக்கிளர்ச்சி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தணியவில்லை. அவரும் அவர் போன்றோரும் நிறுவிய பள்ளிகளிற் பெற்ற கல்வியே அம்மறுப்பை எழுத மக்களுக்கு ஆற்றல் தந்தது. சொல்லையும் சிப்பியையும் பொறுமையுடன் ஒப்புநோக்கிய அறிஞர், உயிருள்ள மனிதரைப் பற்றி எழுதுகையில் அவர்கள் கூற்றைப் போதிய அளவு கேளாது விட்டார். கல்லும் மண்ணும் மறுத்துப் பேசா, மனிதர் பேசுவர். அவர்கள் பேச்சுக்குச் செவிசாய்ப்பதும் ஆராய்ச்சியாளரின் கடமையே ஆகும்.

காலம் அவருடைய முடிவுகளைப் பலவாறு சோதித்துள்ளது. தமிழிலக்கியத்தின் பழமையை அவர் குறைத்து மதிப்பிட்டார். சங்க நூல்கள் அந்நாளில் பெரும்பாலும் அச்சேறவில்லை. அவர் தோண்டிய கொற்கையில் 1968ஆம் ஆண்டளவில் தொல்பொருள் துறையினர் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த கரித்துண்டு பொது ஆண்டுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று கணிக்கப்பட்டது. சிவகளையில் ஒரு தாழியிற் கிடைத்த நெல்மணிகள் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையவை என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பொருநைக் கரையின் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் தொடங்கிய வேலை இன்றும் தொடர்கின்றது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்த கால்டுவெல், 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் கோடைக்கானலில் உயிர் நீத்தார். அவர் உடல் மலையினின்று கொணரப்பட்டு, அவரே எழுப்பிய இடையன்குடிக் கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது. 1968ஆம் ஆண்டில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

இவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது யாது? துறைகள் பலவாயினும் ஆராய்ச்சி நெறி ஒன்றே. நேரிற் கண்டு, சான்று திரட்டி, ஒன்றையொன்று ஒப்பிட்டு, பின்னரே முடிவு கூறுதல் அந்நெறியாகும். அந்நெறியில் நின்றபோது கால்டுவெல் கண்டவை நிலைத்தன. அதனினின்று வழுவியபோது கூறியவை வீழ்ந்தன. பெரியோர் கூற்றாயினும் சான்றுகொண்டு சோதித்தே ஏற்றல் வேண்டும். அவ்வாறு சோதிப்பது அவர்களை அவமதிப்பதாகாது. அவர்கள் தொடங்கிய பணியை முன்னெடுத்துச் செல்வதேயாகும்.