கெட்டுப்போகும் பாகங்களை வைத்து நம்பகமான கணினி: யார் இந்த ஜான் வான் நியூமன்?

நீங்கள் செல்போனில் பணம் அனுப்பும் அதே நொடியில், எங்கோ ஒரு சர்வர் செயலிழந்து போயிருக்கலாம். உங்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. அதே தகவல் வேறு சர்வர்களிலும் இருக்கும். பெரும்பாலானவை ஒத்துப்போனால் வேலை நடந்துவிடும். பாகங்கள் பழுதாகத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு இயந்திரத்தை வடிவமைக்கும் இந்த யோசனைக்கு, ஆரம்பத்திலேயே முறையான கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜான் வான் நியூமன்.

1903 டிசம்பர் 28 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்டில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வங்கியாளர். கணிதம் சோறு போடுமா என்ற கவலை அந்த வீட்டிலும் இருந்தது. அதனால் ஜூரிச்சில் வேதிப் பொறியியல், புடாபெஸ்டில் கணித முனைவர் பட்டம் என இரண்டையும் சேர்த்தே படித்து 1926-ல் முடித்தார். 1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் வேலை. குண்டை எந்த ஊரில் போடலாம் என்று ஆராய்ந்த குழுவிலும் அவர் இருந்தார். அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இதைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். அது சரியில்லை.

1944-ல் ஒரு ரயில் நிலையத்தில் தற்செயலாக நடந்த உரையாடலில்தான் எனியாக் கணினி பற்றி அவருக்குத் தெரியவந்தது. அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். ஒன்று போனாலும் கணக்கு தப்பாகலாம். அதற்கடுத்த கணினிக்கான வடிவமைப்பு அறிக்கை 1945-ல் அவர் பெயரில் மட்டுமே வெளியானது. கூட உழைத்த எக்கர்ட், மாக்லி இருவருக்கும் இது ஆறாத வருத்தம். இன்றும் பாடப்புத்தகங்களில் அந்த வடிவமைப்புக்கு வான் நியூமன் பெயர்தான்!

1952 ஜனவரியில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். மூளையில் செல்கள் தவறு செய்தாலும் மூளை ஒட்டுமொத்தமாக நின்றுபோவதில்லையே, அது எப்படி? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு பாகம் 100 முறைக்கு ஒருமுறை தப்பு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி மூன்றை வைத்து, இரண்டு சொல்வதை ஏற்றுக்கொண்டால், தப்பு 10,000-க்கு சுமார் 3 ஆகக் குறையும். சரி, ஓட்டு எண்ணும் பாகமே பழுதானால்? வான் நியூமனின் பெரிய பங்களிப்பு இங்கேதான். எண்ணும் பாகத்தையும் நம்பாமல், ஒவ்வொரு கம்பிக்கும் பதிலாக ஒரு கட்டுக் கம்பிகள், ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பான்மைப் பார்வை என்று வைத்தார். ஒவ்வொரு பாகத்தின் தப்பும் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், மொத்தத் தப்பை வேண்டிய அளவுக்கு அடக்கிவிடலாம் என்று நிறுவினார். ஆனால் விலை? பாகங்கள் ஆயிரக்கணக்கான மடங்கு தேவைப்பட்டன. அந்தக் காலத்தில் யாரால் முடியும்!

மூன்றில் இரண்டு என்ற எளிய வடிவம்தான் நடைமுறைக்கு வந்தது. நிலவுக்குச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கணினியில் அது இருந்தது. மென்பொருளில் இன்னொரு சிக்கல். மூன்று பிரதிகளும் ஒரே கோட் என்றால், ஒரே பிழையை மூன்றும் சேர்ந்தே செய்யும். ஓட்டெடுப்பில் தப்பே ஜெயித்துவிடும். தனித்தனியாகக் கெட்டுப்போகும் குழாய்களை வைத்துப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. அதனால்தான் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் நான்கு கணினிகளில் ஒரே மென்பொருளையும், ஐந்தாவதில் தனியாக எழுதிய வேறொன்றையும் வைத்தார்கள்.

1955-ல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் ராணுவக் காவல். ரகசியம் எதையும் உளறிவிடக் கூடாதே என்று. யேல் பல்கலைக்கழகத்துக்காக மூளையையும் கணினியையும் ஒப்பிட்டு எழுதத் தொடங்கியிருந்த உரைகளை அவரால் முடிக்க முடியவில்லை. 1957 பிப்ரவரி 8 அன்று, 53 வயதில் இறந்தார். அரைகுறையாக நின்ற அந்த உரைகள் மறு ஆண்டு புத்தகமாக வந்தன.