செங்கல்லுக்கு மூச்சு தந்தவர்

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஆயுதம் ஏந்த விரும்பாத அவர் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவில் தொண்டாற்றினார்.

தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தது. அங்கே காந்தியடிகளைச் சந்தித்தார். கழிவுத் துணியால் தைக்கப்பட்ட பேக்கரின் காலணி காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1945ஆம் ஆண்டு பேக்கர் மீண்டும் இந்தியா வந்து, தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலையின் பித்தோராகரில் குடியேறி, ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் மலைவாழ் மக்களுக்குச் சேவை செய்தனர்.

அங்கேதான் பேக்கரின் உண்மையான கல்வி தொடங்கியது. இங்கிலாந்தில் கற்ற முறைகள் அம்மலையில் பயன்படவில்லை. செம்மண், சாணம், கரையான், பருவமழை ஆகியவற்றைப் பற்றி அவருடைய பாடநூல்கள் எதுவும் கூறவில்லை. பள்ளிக்கூடமே காணாத மலைமக்களோ, அருகில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் வீடுகளைக் கட்டியிருந்தனர். பேக்கர் தயங்காமல் அவர்களிடம் மாணவரானார்.

1963இல் அவர் கேரளத்துக்கு வந்தார். பின்னர், திருவனந்தபுரத்தில் தங்கி எண்ணற்ற வீடுகளைக் கட்டினார். செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். இதனை எலிப்பொறிக் கட்டு என்பர். இதனால் ஏறக்குறைய கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று, வெயிலின் சூட்டை அறைக்குள் எளிதில் விடுவதில்லை. மேல்தளத்தின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதில் பெரும் பங்கு வகிப்பதில்லை. எனவே, அவ்விடத்தில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் இரும்பையும் குறைத்தார். சன்னல்களுக்குப் பதிலாகத் துளைச்சுவர்களை அமைத்தார். அவை காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டன. மரம் குறுக்கே நின்றால், மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டினார்.

சிமெண்டு, இரும்பு, சுட்ட செங்கல் ஆகியவற்றை உருவாக்கப் பெருமளவு எரிபொருள் செலவாகிறது. ஆகவே, அவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது இயற்கையைக் காக்கும் வழி என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். மண் வீடுகளையும் ஊக்குவித்தார்.

ஆனால், பூச்சு இல்லாத செங்கற்சுவரை முற்றுப்பெறாத வேலை என்று பலர் எண்ணினர். செலவு குறைந்த வீடு உறுதியாக நிற்குமா எனப் பொறியாளர்களும் ஐயுற்றனர். பேக்கர் வாதாடுவதைவிடக் கட்டிக் காட்டுவதையே விரும்பினார். முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. உள்ளூர்க் குன்றின்மீது அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அதே எளிய முறையில் எழுப்பினார். ஏழைக்கு ஒரு முறை, அறிஞருக்கு ஒரு முறை என அவர் வேறுபாடு காட்டவில்லை. ஐயம் மெல்ல மறைந்தது. 1985இல் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் இணைந்து, எளிய வீடுகளைக் கட்டித்தரும் காஸ்ட்ஃபோர்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

ஈப்போ, லகாட் வட்டாரத்தின் வெயிலும் மழையும் கேரளத்துக்கு இளைத்தவை அல்ல. தூண்களின்மேல் நின்ற நம் நாட்டுக் கம்பத்து வீடுகளும், அத்தாப்புக் கூரையும் அகன்ற சன்னல்களும் கொண்டு மின்சாரமின்றியே குளிர்ச்சி தந்தன. இன்றோ, அடைத்த அறைகளில் குளிர்சாதனம் நாளெல்லாம் ஓடுகிறது. புதிய வீடு கட்டுவோர், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், காற்று வரும் திசையையும் வெயில் விழும் பக்கத்தையும் பார்த்தால், பேக்கரின் உழைப்பு நம் மண்ணிலும் பயன் தரும்.