யார் இந்த ‘ஸ்டூடன்ட்’? பீர் ஆலையில் பிறந்த டி-டெஸ்ட்டின் கதை

ஆபீஸில் ஏ/பி டெஸ்ட் ரிசல்ட் பார்ப்பவர்களுக்கும், காலேஜில் புள்ளியியல் பேப்பரோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் ‘ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்ற பெயர் நல்லாவே தெரியும். மாணவர்கள் படிக்கிறதால வந்த பெயர்னு பலரும் நினைச்சிருப்பாங்க. ஆனால் அது ஒரு மனிதரின் புனைபெயர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. டப்ளினில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர். பெயர், வில்லியம் சீலி கோசெட்.

ராணுவத்தில் இடமில்லை, ஆலையில் வேலை

கோசெட் 1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி. மகனுக்கும் அதே ஆசைதான். ஆனால் கண்பார்வை சரியில்லை என்று வாய்ப்பு கைநழுவியது. ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜில் கணிதமும் வேதியியலும் படித்து, இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினார்.

அந்தக் காலகட்டத்தில் கின்னஸ் நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்த இளைஞர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அப்படி 1899-ல் டப்ளின் ஆலைக்கு வந்தவர்தான் கோசெட்.

பீர் ஆலையில் கணக்குக்கு என்ன வேலை?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். வடித்தெடுத்த அந்த இனிப்புச் சாறை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். கேட்க ஈஸியா இருக்கும். ஆனால் நேற்று வந்த மூட்டை பார்லி மாதிரி இன்று வரும் மூட்டை இருக்காது. மழை, மண், ரகம் என எது மாறினாலும் மால்ட் மாறும்.

வீட்டில் ஒரு பானை காய்ச்சுபவருக்கு ஒரு முறை சொதப்பினால் ஒரு பானைதான் நஷ்டம். கின்னஸ் அப்போதே உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று. அங்கே நாக்கையும் மூக்கையும் மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

எத்தனை முறை சோதித்தால் போதும்?

மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்பது அங்கே முக்கியமான அளவு. கின்னஸின் இலக்கு, பீப்பாய் மால்ட்டுக்கு 133 டிகிரி. அரை டிகிரி கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. சர்க்கரை குறைந்தால் பீர் சப்பென்று ஆகும். கூடினால் ஆல்கஹாலும் ஏறும், கட்ட வேண்டிய வரியும் ஏறும். பிரச்சினை என்னவென்றால், ஒரே மால்ட்டை இரண்டு முறை சோதித்தாலும் ஒரே விடை வராது. ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் காசும் செலவாகும்.

கோசெட் கணக்குப் போட்டார். இரண்டு சோதனைகளின் சராசரி எடுத்தால், அது சரியான அளவுக்கு அரை டிகிரிக்குள் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு. நான்கு சோதனை செய்தால் பதின்மூன்றில் பன்னிரண்டு. 82 முறை செய்தால் ஏறக்குறைய உறுதியே. ஆனால் அதுக்கு யாரிடம் நேரம் இருக்கு? 1904-ல் ஆலை நிர்வாகத்துக்கு அவர் கொடுத்த உள் அறிக்கை, ஆலை வேலைக்குப் பிழைக் கணிதம் ஏன் வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

3,000 அட்டைத் துண்டுகள்

அன்றைய புள்ளியியலின் பெரிய தலை லண்டனில் இருந்த கார்ல் பியர்சன். அவருடைய முறைகள் எல்லாம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தரவு இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். கோசெட்டிடம் இருந்ததோ நான்கு, ஐந்து, பத்து. 1906-ல் விடுப்பில் லண்டன் போய், ஓராண்டு பியர்சனின் ஆய்வகத்தில் இருந்தார். நுண்ணோக்கியில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது வரும் பிழை பற்றி 1907-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

அடுத்த ஆண்டு வந்ததுதான் வரலாறு படைத்த கட்டுரை. மாதிரிகள் குறைவாக இருக்கும்போது பழைய அட்டவணைகள் நம் விடையை இருப்பதைவிட உறுதியானதாகக் காட்டிவிடும் என்று கண்டுபிடித்து, அதற்கான புதிய கணக்கைத் தந்தார். சரிபார்க்க கம்ப்யூட்டர் கிடையாது. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலக்கி, நான்கு நான்காக 750 குழுக்கள் எடுத்தார். அவருடைய கணக்கோடு அந்த முடிவுகள் நன்றாகவே ஒத்துப்போயின.

ஏன் புனைபெயர்?

தொழில் ரகசியம் போட்டியாளர்களுக்குப் போய்விடக் கூடாது என்பதில் கின்னஸ் கறாராக இருந்தது. கட்டுரை வெளியிடலாம், ஆனால் பீர் பற்றியோ நிறுவனம் பற்றியோ பேச்சே வரக்கூடாது, சொந்தப் பெயரும் கூடாது. அதனால்தான் 1908-ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் அது ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரில் வந்தது. பெரும் மாதிரிகளுக்குப் பழகிய அறிஞர்கள் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர் இதற்கு முறையான நிரூபணம் தந்து, ‘டி’ என்ற வடிவத்துக்கு மாற்றி, 1920-களில் உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தார்.

நண்பர்கள்தான், ஆனாலும் கருத்து மோதல் இருந்தது. ஐந்து சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கும் பழக்கம் ஃபிஷரின் புத்தகங்கள் வழியாகப் பரவியது. கோசெட்டின் கேள்வி வேறு. வித்தியாசம் எவ்வளவு பெரிது? முடிவு தப்பானால் எவ்வளவு நஷ்டம்? இன்னொரு முறை சோதிக்க எவ்வளவு செலவாகும்? அயர்லாந்து வயல்களில் பார்லி ரகங்களை ஒப்பிட்டபோதும் இதே பார்வைதான். நல்ல ரகம் எது என்பது அவருக்கு விவசாயிக்கும் ஆலைக்கும் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

கடைசி வரை ஒரே கம்பெனி

1935-ல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸின் புதிய ஆலைக்குப் பொறுப்பேற்கப் போனார். 1937 அக்டோபர் 16 அன்று, 61 வயதில் இறந்தார். மொத்தம் 38 ஆண்டுகள், ஒரே நிறுவனம்.

இன்று எக்செல்லிலும் பைத்தானிலும் ஒரு வரியில் முடிகிற வேலை அது. ஆனால் கோசெட்டின் மூன்று கேள்விகளை எந்த சாஃப்ட்வேரும் தானாகக் கேட்காது. அதை நாமதான் கேட்கணும்.