பந்தியில் தெரிந்த கொள்கை: ஜீவாவின் பணித் தெரிவுகள்

கல்வி முடிந்ததும் எந்தப் பணிக்குச் செல்வது என்ற கேள்வி நம் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. ஊதியமும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் ஒருபுறம் இருக்க, நாம் கொண்ட கொள்கைக்கு அப்பணியில் இடமுண்டா என்ற ஐயமும் உடன் எழுகிறது. நாஞ்சில் நாட்டில் பிறந்த ப. ஜீவானந்தத்தின் வாழ்க்கையை இக்கேள்வியோடு மீண்டும் படிப்பது பயன் தரும்.

1907 ஆகஸ்ட் 21 அன்று, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடங்கியிருந்த பூதப்பாண்டியில், வேளாளர் குடும்பத்தில் ஜீவா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் மட்டுமன்றிக் கோயிலைச் சுற்றிய தெருக்களும் மூடப்பட்டிருந்த காலம் அது. பள்ளிப் பருவத்திலேயே மாணிக்கம் என்ற தலித் தோழரை அத்தகைய தெருக்களுக்குள் அவர் அழைத்துச் சென்றார். ஊரார் சினந்தனர், தந்தை கண்டித்தார். தோழமையைக் கைவிட மனமின்றி ஜீவா வீட்டைவிட்டு வெளியேறினார். வைக்கம், சுசீந்திரம் ஆகிய இடங்களில் நடந்த தெரு நுழைவுப் போராட்டங்களிலும் அவர் பங்கேற்றார்.

இவ்வாறு வெளியேறிய இளைஞருக்குத் தேசியப் பணியே உகந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் அவர் சேர்ந்தார். நாட்டு விடுதலை, தமிழ்க் கல்வி, உடலுழைப்பு என அதன் நோக்கங்கள் அனைத்தும் அவருக்கு உடன்பாடானவை. காங்கிரசின் நிதியும் அதற்குக் கிடைத்திருந்தது. ஆனால் அங்கே பிராமண மாணவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அறிவிக்கப்பட்ட நோக்கத்தைக் காட்டிலும் இந்தப் பந்தி வேற்றுமையே ஜீவாவுக்குப் பெரிதாகப்பட்டது, அவர் விலகினார். பெரியாரும் வரதராஜுலுவும் எழுப்பிய குருகுலப் போராட்டம் பின்னர்த் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது.

அடுத்து, காரைக்குடிக்கு அருகிலுள்ள சிராவயலில் காந்தியின் பெயரிலமைந்த ஆசிரமத்தில் அவர் பணியாற்றினார். 1927இல் காந்தி அங்கு வந்து அவரைச் சந்தித்தார். மறைமலையடிகளின் தனித்தமிழ் ஈர்க்க, உயிரின்பன் என்று பெயரையும் சிலகாலம் மாற்றிக்கொண்டார். பின் சுயமரியாதை இயக்கம், சிறை, சமதர்மம், பொதுவுடைமை என அவர் பாதை நீண்டது. பகத்சிங் நாத்திகம் குறித்து எழுதிய நூலைத் தமிழாக்கியதற்காகச் சிறை சென்றார். ஜனசக்தி ஏட்டை வளர்த்தார். 1952இல் சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் சென்றார். அதன் பின்னும் தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். 1963 ஜனவரி 18 அன்று மறைந்தார்.

இயக்கங்களை அடுத்தடுத்து மாற்றியவர் என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நிறுவனங்களை மாற்றினாரே தவிர, அவற்றை அளந்த கோலை அவர் மாற்றவில்லை. ஓரிடத்தில் தங்கலாமா என்பதற்கு அதன் அறிக்கையைவிட அதன் அன்றாட நடைமுறையே விடை தரும் என்பதைச் சேரன்மாதேவி அவருக்குக் கற்பித்திருந்தது.

எனினும் இவ்வரலாற்றை அறிவுரையாக மாற்றி நம் மாணவர்மேல் சுமத்துவதில் ஓர் அநீதி உண்டு. ஜீவா துறப்பதற்கு ஒரு வீடும் சாதித் தகுதியும் இருந்தன. அவர் கைபிடித்து அழைத்துச் சென்ற மாணிக்கத்துக்கோ அத்தெருவே மூடியிருந்தது. 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பார்ப்போம். மன்னரின் உதவித்தொகையில் அயல்நாட்டில் பயின்றவர் அவர். அலுவலகத்தில் பணியாளர்கள் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தனர். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். நகரில் வேறு வீடு கிடைக்கவில்லை. ஜீவா விலகினார், அம்பேத்கர் விலக்கப்பட்டார். இவ்விரண்டையும் தியாகம் என்ற ஒரே சொல்லில் அடக்குவது பிழை.

ஆகவே, முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் குடும்பக் கடனைத் தீர்க்க ஒரு பணியை ஏற்கும்போது, கொள்கையை விற்றுவிட்டார் என்று பழிக்கும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை. நாம் பரிந்துரைப்பது வேறு. பணியில் சேருமுன்பும் சேர்ந்த பின்பும் ஜீவாவின் அளவுகோலை அந்நிறுவனத்தின்மீது வைத்துப் பாருங்கள். உணவு எவ்வாறு பரிமாறப்படுகிறது? கழிவறையைத் தூய்மை செய்வோர் எச்சமூகத்தினர், முடிவெடுக்கும் அறையில் அமர்வோர் எச்சமூகத்தினர்? குறைகூறியவருக்கு அங்கு என்ன நேர்ந்தது? சமூகநீதியைப் பெயரிலேயே தாங்கிய தொண்டு நிறுவனங்களையும், நம் இயக்க அலுவலகங்களையும் இக்கேள்விகளிலிருந்து விலக்க வேண்டியதில்லை.

விடைகள் கசப்பாக இருப்பின் உடனே வெளியேறுவதா, உள்ளிருந்து போராடுவதா, அடுத்த வாய்ப்பு வரும்வரை காத்திருப்பதா என்பதை அவரவர் நிலையே தீர்மானிக்கும். வெளியேற விரும்புவோருக்குச் செல்ல வேறோர் இடத்தை உருவாக்கித் தருவது அமைப்பாகத் திரண்ட நம் அனைவரின் கடமை.